பக்கத்துத் தெருக்காரர் தேடினால் உங்கள் கடை தெரிகிறதா? கூகுளில் கடையை ஒழுங்காகப் பதிய ஒரு வழிகாட்டி

மதுரை செல்லூரில் என் சித்தப்பா மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். இருபது வருஷமாக அதே தெரு, அதே பலகை. காயில் கட்டுவதில் அவர் கை அந்தப் பக்கத்தில் பேர்போனது. ஒரு நாள் சாயங்காலம் நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "அண்ணே, மேப் போட்டுத்தான் வந்தேன். இங்க ஒரு முட்டுச்சந்துதான் இருக்கு, கடையக் காணோமே?" பேசிய பெண் நின்றுகொண்டிருந்தது வைகைக்குத் தென்கரையில். எங்கள் கடை வடகரையில். சித்தப்பா பொறுமையாக வழி சொன்னார். அந்த அம்மா வரவேயில்லை.

அன்று ராத்திரி போனில் தேடிப் பார்த்தேன். யாரோ எப்போதோ எங்கள் கடையை மேப்பில் சேர்த்திருக்கிறார்கள். போன் நம்பர் மட்டும் சரி. இடம் தப்பு, நேரம் தப்பு, கடை வகை என்ற இடத்தில் "எலக்ட்ரானிக்ஸ் ஸ்டோர்" என்று இருந்தது. சித்தப்பாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதைச் சரிசெய்ய ஆரம்பித்து, பிறகு தெரிந்தவர்களின் தையல் கடை, மெஸ், மாவு மில் என்று சிலவற்றுக்கும் செய்து கொடுத்ததில் கற்றுக்கொண்டவை இவை. கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு ஸ்மார்ட்போனும் இரண்டு மூன்று சாயங்காலங்களும் போதும். கூகுளுக்குக் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கூகுள் எதைப் பார்க்கிறது?

செல்லூரில் ஒருவர் "மிக்ஸி ரிப்பேர்" என்று தேடினால் மேலே சின்னதாக ஒரு மேப், அதன் கீழே மூன்று கடைகள் வரும். 2015 ஆகஸ்ட் வரை ஏழு கடைகள் காட்டினார்கள், அதன்பிறகு மூன்றுதான். மற்ற கடைகளைப் பார்க்க இன்னொரு முறை தட்ட வேண்டும். காலையில் இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுபோனவருக்கு அதற்கெல்லாம் பொறுமை இருக்காது.

அந்த மூன்று கடைகளைத் தேர்ந்தெடுக்க எதைப் பார்க்கிறோம் என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து உங்கள் கடைக்கு உள்ள தூரம், உங்கள் கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. இதில் தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. திருநகரில் இருப்பவர் தேடினால் எங்கள் கடை முதலில் வராது, வரவும் வேண்டாம். பழுதான கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வரமாட்டார்கள். "மதுரை முழுக்க நம்பர் ஒன் ஆக்குகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நாம் உழைக்க வேண்டியது மற்ற இரண்டில்தான்.

முதலில், ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

புதிதாகச் சேர்க்கும் முன் கூகுள் மேப்ஸில் உங்கள் கடைப் பெயரைத் தேடுங்கள். பெயரின் வேறு எழுத்துக்கூட்டல்கள், போன் நம்பர், தெருப் பெயர் போட்டும் தேடுங்கள். வாடிக்கையாளர் யாராவது சேர்த்திருக்கலாம், அல்லது கூகுளே எங்கிருந்தாவது எடுத்துப் போட்டிருக்கலாம். இருப்பது தெரியாமல் இன்னொன்று உருவாக்கினால் ஒரே கடை இரண்டாகிவிடும். ரிவ்யூக்கள் அதில் பாதி இதில் பாதி என்று பிரிந்துபோகும், எது உண்மை என்று கூகுளுக்கும் குழப்பம்.

கடை ஏற்கெனவே இருந்தால் அதன் பக்கத்திலேயே "இந்தக் கடை உங்களுடையதா" என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தட்டி உரிமை கோரலாம். இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கலாம். இந்த ஏற்பாட்டின் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்கென்று தனி ஆப் தேடி அலையாதீர்கள், 2022-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஜிமெயிலில் நுழைந்து, கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடினாலே திருத்துவதற்கான பொத்தான்கள் மேலே வந்துவிடும்.

எந்த ஜிமெயில் என்பதில் கவனம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தையல் கடை அக்கா, "எல்லாம் செய்து தருகிறேன்" என்று வந்த ஒருவரிடம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். அவர் தன்னுடைய மெயிலிலேயே கடையைப் பதிந்துவிட்டார். ஒரு வருஷம் கழித்துக் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றியபோது அந்த ஆளைப் பிடிக்க முடியவில்லை. உரிமை கேட்டு விண்ணப்பித்து, காத்திருந்து, கடை தன்னுடையதுதான் என்று நிரூபித்துத் திரும்ப வாங்குவதற்குள் தீபாவளித் தையல் சீசனே முடிந்துவிட்டது. அதனால் கடைக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். அதில் முதலாளியின் சொந்த நம்பரைக் கொடுங்கள், ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போகிற இரண்டாவது சிம் நம்பர் வேண்டாம். மகனோ மருமகளோ வேறு யாரோ பார்த்துக்கொள்வதாக இருந்தால், பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அவர்களை மேனேஜராகச் சேர்க்க வசதி இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம்.

பெயர், முகவரி, ஊசி

பெயர் உங்கள் கடைப் பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். பலர் இங்கேதான் ஆசைப்பட்டுச் சறுக்குகிறார்கள். பெயருக்குப் பின்னால் "மதுரையின் சிறந்த மிக்ஸி கிரைண்டர் சர்வீஸ் சென்டர்" என்று ஒட்டவைத்தால் மேலே வரலாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சில நாள் மேலே வரவும் செய்யும். ஆனால் அது கூகுளின் விதிக்கு விரோதம். பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுத்தாலே போதும், பெயரைத் திருத்திவிடுவார்கள், சில சமயம் மொத்தப் பக்கத்தையும் முடக்கிவிடுவார்கள். முடக்கியதை மீட்க மேல்முறையீடு செய்து அலைவது பெரிய பாடு. வேண்டாம்.

நம் ஊர்ப் பலகைகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும். நாங்கள் ஆங்கில எழுத்தில் உள்ள பெயரைக் கொடுத்தோம், பெரும்பாலானவர்கள் போனில் அப்படித்தான் தட்டுகிறார்கள் என்பதால். தமிழ்ப் பெயரை விவரத்திலும் பலகைப் படத்திலும் வரும்படி பார்த்துக்கொண்டோம்.

முகவரியில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பழைய கதவு எண், புதிய கதவு எண். கரண்ட் பில்லில் பழையது, வீட்டு வரி ரசீதில் புதியது, விசிட்டிங் கார்டில் இரண்டும் கோடு போட்டு. ஒன்றை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். கதவு எண், தெரு, பகுதி, ஊர், ஆறு இலக்கப் பின்கோடு. "டீக்கடை எதிரில், மாடியில்" என்பதெல்லாம் வாடிக்கையாளருக்கு உதவும், ஆனால் அதை விவரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இனி மேப்பில் குத்தும் ஊசி. முகவரியைத் தட்டச்சு செய்தவுடன் கூகுள் தானாக ஓரிடத்தில் ஊசியை வைக்கும். அதை நம்பாதீர்கள். எங்களுக்கு அது ஆற்றைத் தாண்டி விழுந்திருந்தது. கடை வாசலில் போய் நின்றுகொண்டு, மேப்பைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, உங்கள் கூரையைக் கண்டுபிடித்து, விரலால் ஊசியை நகர்த்தி வாசலில் வையுங்கள். பிறகு வேறு ஒருவரை இரண்டு தெரு தள்ளி நிற்கவைத்து, மேப் போட்டு வண்டியில் வரச்சொல்லுங்கள். நாங்கள் சித்தப்பா மகனை கோரிப்பாளையத்திலிருந்து வரச்சொன்னோம். மேப் அவனைக் கடையின் பின்பக்கச் சந்துக்குக் கூட்டிவந்தது. ஊசி பின்சுவரை ஒட்டி இருந்ததுதான் காரணம். சில அடிகள் முன்னால் தள்ளி, வாசல் பக்கத் தெருவை ஒட்டி வைத்ததும் சரியானது.

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள், ஆரி வேலை, கேக், டியூஷன், வீட்டுக்கே வந்து ஏசி சர்வீஸ் பார்ப்பவர்கள், முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்குச் சேவை என்று மட்டும் காட்டலாம். இருபது பகுதிகள் வரை சேர்க்க முடியும். வாடிக்கையாளர் வந்துபோகும் இடம் இல்லையென்றால் இதுதான் முறை. வீட்டு விலாசம் ஊருக்கே தெரியாமலும் இருக்கும்.

வகைதான் பாதி வேலை

"நீங்கள் என்ன தொழில்" என்று கேட்டு ஒரு முதன்மை வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதோடு கூடுதலாக ஒன்பது வகைகள் வரை சேர்க்கலாம். எங்கள் கடையை "எலக்ட்ரானிக்ஸ் ஸ்டோர்" என்று வைத்திருந்தவரை டிவி வாங்க வந்தவர்கள்தான் போன் செய்தார்கள். "அப்ளையன்ஸ் ரிப்பேர் சர்வீஸ்" என்று மாற்றினோம். நான் செய்து பார்த்த திருத்தங்களிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது இதில்தான். வருகிற போன்களின் தன்மையே மாறியது.

வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல வழி: உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு எதிலிருந்து வருகிறதோ அதற்கு மிகக் குறுகலாகப் பொருந்தும் வகையை முதன்மையாக வையுங்கள். மாவு மில்காரர் "உணவுப் பொருள் கடை" என்று பொதுவாக வைப்பதைவிடத் தன் தொழிலின் பெயரிலேயே வகை இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒன்பது இடம் இருக்கிறதே என்று சம்பந்தமில்லாததையெல்லாம் அடைக்காதீர்கள். பழைய மிக்ஸி ஒன்றிரண்டு விற்றதற்காக "அப்ளையன்ஸ் ஸ்டோர்" சேர்க்கலாமா என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம் என்றேன்.

வாடிக்கையாளர் பேசும் சொல்லில் எழுதுங்கள்

அடுத்தது சேவைகளின் பட்டியலும் கடை விவரமும். இதற்கு ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு கடையில் ஒரு நாள் உட்காருங்கள். வாடிக்கையாளர் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதுங்கள். நான் எழுதிக்கொண்டவை: "ஜார் ஒழுகுது", "மிக்ஸி சுத்த மாட்டேங்குது, சத்தம் மட்டும் வருது", "கருகல் வாடை வருது", "கிரைண்டர் கல் கொத்தணும்", "பெல்ட் போயிருச்சு". யாரும் "சமையலறை உபகரணப் பராமரிப்பு" என்று சொல்லவில்லை. தேடும்போதும் இதே சொற்களைத்தான் தட்டுகிறார்கள், அல்லது மைக்கை அழுத்திச் சொல்கிறார்கள்.

சேவைப் பட்டியலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேருங்கள்: ஜார் புஷ் மாற்றுதல், பிளேடு மாற்றுதல், கப்ளர், கார்பன் பிரஷ், காயில் கட்டுதல், கிரைண்டர் பெல்ட், கல் கொத்துதல். தொடக்கக் கூலியைக் குறிப்பிட முடிந்தால் குறிப்பிடுங்கள். விலை பார்த்துவிட்டு வருபவரிடம் கடையில் பேரம் குறைவு.

விவரத்துக்கு 750 எழுத்துவரைதான் இடம். அதில் இணைய முகவரி போடக்கூடாது. எங்களுடையது இப்படி இருக்கிறது:

"செல்லூரில் இருபது ஆண்டுகளாக மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், டில்டிங் கிரைண்டர் பழுதுபார்க்கிறோம். ஜார் புஷ், பிளேடு, கப்ளர், கார்பன் பிரஷ் மாற்றும் வேலைகள் பெரும்பாலும் அன்றே முடியும். காயில் கட்ட இரண்டு நாள் ஆகும். கிரைண்டர் கல் கொத்தித் தரப்படும். வேலை தொடங்கும் முன் கூலியைச் சொல்லிவிடுவோம். கடை வாசலில் வண்டி நிறுத்தலாம். ஞாயிறு விடுமுறை."

இதில் "சிறந்த", "நம்பகமான", "தரமான" ஒன்றுமே இல்லை. காயிலுக்கு இரண்டு நாள் என்பதைப் படித்துவிட்டு வருபவர் மறுநாளே வந்து நிற்பதில்லை, அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றிச் சிலர் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்ததும், சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். திருச்சி, கோவை என்று மக்கள் சுருக்கமாகத் தட்டுவதும், தூத்துக்குடியைப் பழைய ஆங்கிலப் பெயரில் தட்டுவதும் கூகுளுக்குப் புரியும். எல்லா எழுத்துக்கூட்டலையும் வரிசையாக அடுக்கி விவரத்தை நிரப்பாதீர்கள். மனிதர் படிக்கிற இடம் அது.

நேரம்

திறக்கும் நேரம், மூடும் நேரம், மதியச் சாப்பாட்டு இடைவேளை உட்பட உண்மையைப் போடுங்கள். சித்தப்பா ஒன்றரை முதல் மூன்றரை வரை கதவைச் சாத்துவார். அதையும் போட்டோம். கடை திறந்திருக்கும் நேரத்தில் தேடுபவருக்கு அது முன்னால் வர வாய்ப்பு கூடுதல் என்று 2023 கடைசியில் கூகுள் ஒப்புக்கொண்டது. அதைக் கேட்டுவிட்டு 24 மணி நேரம் என்று போட்டவர்களை எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து பூட்டைப் பார்த்தவர் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்.

பண்டிகை நாள்களுக்குச் "சிறப்பு நேரம்" என்று தனியே இருக்கிறது. எங்களுக்கு முக்கியமானது சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் செல்லூர், கோரிப்பாளையம் பக்கமெல்லாம் ஜனம், வண்டி எதுவும் வராது. அன்று விடுமுறை என்று ஒரு வாரம் முன்பே போட்டுவிடுகிறோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரம் ராத்திரி வரை கடை இருக்கும், அதையும் போடுகிறோம்.

உறுதிப்படுத்தல்

கடை உங்களுடையதுதான் என்று கூகுளுக்கு நிரூபிக்காதவரை நீங்கள் எழுதியது எதுவும் முழுதாக வெளியே தெரியாது. போன், மெயில், தபால் அட்டை, வீடியோ என்று வழிகள் உண்டு. எது என்பதைக் கூகுள்தான் முடிவுசெய்யும், நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எங்களுக்கு வந்தது வீடியோ. பலர் இதில்தான் திணறுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

குறைந்தது முப்பது விநாடி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். மூன்று விஷயங்கள் அதில் தெரிய வேண்டும்: கடை அந்த இடத்தில்தான் இருக்கிறது, தொழில் உண்மையில் நடக்கிறது, நீங்கள் அதை நடத்துபவர். முதல் தடவை நாங்கள் உச்சி வெயிலில் எடுத்தோம். பலகையில் வெயில் பட்டு எழுத்தே படிக்க முடியவில்லை, நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்தோம். தெருமுனையில் மாநகராட்சியின் தெருப் பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கி, பக்கத்து டீக்கடையைக் காட்டி, எங்கள் பலகையில் நாலு விநாடி நிறுத்தி, சித்தப்பா தன் சாவியால் ஷட்டரைத் திறப்பதை எடுத்து, உள்ளே போய் வேலை மேஜை, பிரித்துப்போட்ட மிக்ஸி, தொங்கும் பெல்ட்டுகள், கடைப் பெயர் அச்சடித்த பில் புத்தகம், சுவரில் மாட்டியிருக்கும் உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவுச் சான்று) என்று முடித்தோம். முகத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வங்கிக் கணக்கு எண், ஆதார் மாதிரி எதையும் காட்டவே காட்டாதீர்கள். பதிவேற்றிய பிறகு பதில் வர ஐந்து வேலை நாள் வரை ஆகும். அதற்குள் பெயரையோ முகவரியையோ நோண்டாமல் இருங்கள்.

தபால் அட்டை வருவதாக இருந்தால் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் கடைப் பையன் குப்பையில் போட்டுவிட்ட கதை எனக்குத் தெரியும்.

படங்கள்

எதிர்ச்சாரியில் நின்று, பலகையும் இருபக்கத்துக் கடைகளும் தெரிகிற மாதிரி ஒரு படம் கட்டாயம். தேடிக்கொண்டு வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் காட்சிதான். பிறகு உள்ளே, வேலை நடக்கும்போது, முடித்த வேலை. எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்தது, கருகிய காயிலையும் புதிதாகக் கட்டிய காயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம். இணையத்திலிருந்து இறக்கிய பளபளப்பான மிக்ஸிப் படங்கள் வேண்டாம். மாதம் இரண்டு மூன்று புதுப் படம் போதும். லென்ஸை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு எடுங்கள், மிக்ஸிக் கடை என்ன, எந்தக் கடையிலும் போன் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

ரிவ்யூ

"எவ்வளவு அறியப்பட்ட கடை" என்பதில் ரிவ்யூவுக்குப் பெரிய இடம் உண்டு. நல்ல வேலை செய்தும் பலருக்கு ரிவ்யூ இல்லாததன் காரணம் ஒன்றுதான், அவர்கள் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம்.

கேட்பதற்குச் சரியான நேரம் ஒன்று இருக்கிறது. எங்கள் கடையில், சரிசெய்த மிக்ஸியை வாடிக்கையாளர் முன்னால் வைத்து, ஜாரில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுவார் சித்தப்பா. "ஓடுதா? ஒழுகல பாருங்கம்மா." அந்த அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அப்போது கேட்க வேண்டும்: "கூகுள்ல ரெண்டு வரி எழுதிவிடுங்கம்மா, என்ன வேலை பாத்தோம்னு." மேஜையில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறோம். ரிவ்யூ கேட்பதற்கான இணைப்பையும் கியூஆரையும் புரொஃபைலிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்தால் முடிந்தது. வாட்ஸ்ஆப்பில் "உங்கள் மிக்ஸி ரெடி" என்று அனுப்பும்போது இணைப்பையும் சேர்த்து அனுப்பலாம். வெறும் ஐந்து ஸ்டாரைவிட "ஜார் ஒழுகியது, அரை மணி நேரத்தில் புஷ் மாற்றிக் கொடுத்தார்" என்ற ஒரு வரி படிப்பவருக்கு எவ்வளவோ உதவும்.

செய்யக்கூடாதவை சில உண்டு. ரிவ்யூவுக்குத் தள்ளுபடியோ பரிசோ தரக்கூடாது. திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிக்கு விரோதம். உங்கள் போனை நீட்டி அதிலேயே எழுதச் சொல்லாதீர்கள், சொந்தக்காரர்கள் பத்துப் பேரை ஒரே நாளில் எழுதவைக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூக்கள் மொத்தமாகக் காணாமல் போகும், கூடவே நிஜமானவையும் போகலாம். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனமே ஐஎஸ் 19000 என்ற தரவரையறையை வெளியிட்டது. போலி ரிவ்யூ அந்த அளவுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

கெட்ட ரிவ்யூ வரும், வராமல் இருக்காது. எங்களுக்கு ஒருவர், "கிரைண்டர் குடுத்து அஞ்சு நாள் ஆச்சு, கேட்டா நாளைக்கு நாளைக்குங்கறாங்க" என்று ஒற்றை ஸ்டார் போட்டார். சித்தப்பாவுக்குக் கோபம். "போன் பண்ணா எடுக்கல, நீ அத எழுதுடா" என்றார். எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரு டீ குடித்துவிட்டு இப்படி எழுதினோம்: "வணக்கம் ஐயா. உங்கள் கிரைண்டருக்கு உரிய பெல்ட் வரத் தாமதமானது. அதை முதல் நாளே உங்களிடம் சொல்லாதது எங்கள் தவறு. இன்று காலை வேலை முடிந்தது. உங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறோம்." பதில் அவருக்கு மட்டும் எழுதுவதில்லை, அடுத்து நம் கடையைப் பார்க்கப்போகிற எல்லோரும் அதைப் படிப்பார்கள். ரிவ்யூவை மாற்றினால் காசு குறைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுவும் கூடாது. நல்ல ரிவ்யூவுக்கும் ஒரு வரி நன்றி எழுதுங்கள்.

மற்ற இடங்கள்

ஜஸ்ட்டயல், ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் பிசினஸ், பிங் பிளேசஸ் (மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடலில் கடையைப் பதியும் இடம்), ஆப்பிள் மேப்ஸ் ஆகியவற்றிலும் கடை இருந்தால் நல்லது. எல்லாவற்றிலும் தினமும் எதையாவது போட வேண்டும் என்பதில்லை. பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருப்பதே முக்கியம். பிங்கில் கூகுளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வசதி உண்டு, பத்து நிமிட வேலை. பழைய நம்பரோடு எங்காவது கிடக்கிறதா என்று அந்த நம்பரையே கூகுளில் தேடிப் பாருங்கள்.

சொந்த இணையதளம்? சிறு கடைக்கு உடனே அவசியமில்லை என்பது என் கருத்து. கூகுள் முன்பு இலவசமாக ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது, 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்கள் திரும்ப அச்சடிக்க வேண்டியதாயிற்று. கை கொஞ்சம் தாராளமானதும் சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்கி ஒரே ஒரு பக்கம் போடுங்கள். தலைப்பில் கடைப் பெயர், தொழில், பகுதி மூன்றும் இருக்கட்டும். கடை முகவரியைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள், நம்பரைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். செய்து தருபவரிடம் "லோக்கல் பிசினஸ் ஸ்கீமா சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் புரியும், கடையின் விவரங்களைக் கூகுள் படித்துக்கொள்ளும்படி பக்கத்துக்குள் எழுதும் குறிப்பு அது. செல்லூர், தல்லாகுளம், அண்ணா நகர் என்று பகுதிப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை இருபது நகலெடுப்பது வீண்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

கடையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் போனில் தேடினால் உங்கள் கடைதான் முதலில் வரும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீங்கள் அதன் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், தூரம் பூஜ்யம். வெவ்வேறு பகுதியில் இருக்கும் நாலு பேரிடம், அவர்கள் வீட்டிலிருந்தே தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். கடைப் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லாமல் "மிக்ஸி ரிப்பேர்" என்று தொழிலைத் தேடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போதும்.

புரொஃபைலிலேயே "பெர்ஃபாமன்ஸ்" என்ற இடத்தில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதெல்லாம் தெரியும். நான் அதிகம் பார்ப்பது அந்தச் சொற்களைத்தான். "கிரைண்டர் கல் கொத்துபவர்" என்று தேடி ஆட்கள் வருவதை அதில் பார்த்த பிறகுதான் அதைத் தனிச் சேவையாகச் சேர்த்தோம். இதற்கும் மேல் எங்களுக்கு உதவுவது ஒரு நாற்பது பக்க நோட்டு. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று சித்தப்பா கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, போகிற வழியில் பார்த்தது, மேப் என்று மூன்று பத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. மூன்று மாதமாவது பொறுத்துப் பார்த்துவிட்டு எது வேலை செய்கிறது என்று முடிவுசெய்யுங்கள். ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது.

வாரம் ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் உங்கள் கடையைப் பற்றித் திருத்தம் பரிந்துரைக்கலாம், கூகுள் சிலவற்றை ஏற்றும் விடும். ஒருமுறை எங்கள் கடை "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று காட்டியது. அன்றே பார்த்ததால் அன்றே திருத்த முடிந்தது.

பதிவு செய்த சில நாளிலேயே உங்களுக்குப் போன்கள் வரத் தொடங்கும். "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பக்கம் நீக்கப்படப் போகிறது, இவ்வளவு கட்டினால் காப்பாற்றலாம்" என்பார்கள். புரொஃபைல் வைத்திருக்கக் கூகுள் காசு கேட்பதில்லை, ஓடிபி கேட்டும் கூப்பிடுவதில்லை. சித்தப்பா இப்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறார்: "கடை செல்லூர்ல இருக்குங்க. மேப்ல சரியா காட்டுது. நேர்ல வாங்க, பேசுவோம்." இதுவரை ஒருவரும் வரவில்லை.